கெற்றரிங்: கைப்பிடிக்கு விடைகொடுத்தவர்

மோட்டார் வண்டி உலகிற்கு வந்த புதிதில், அதனை ஓட்டுவதினும் ஓடத் தொடங்கச் செய்வதே அரிய காரியமாக இருந்தது. வண்டியின் முன்புறத்தே ஒரு துளை. அதனுள் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடல்வலி முழுவதையும் கூட்டிச் சுழற்றுதல் வேண்டும். ஹாண்டில் என்று நம்மவர் வழங்கிய அக்கைப்பிடி, எஞ்சின் திடீரெனப் பின்னுதைக்குமாயின் சுழற்றுவோன் கையையே முறித்துவிடும். மணிக்கட்டு முறிந்தோரும் தாடை உடைந்தோரும் பலர். முதியோரும் மெலிந்தோரும் பிறர் துணையின்றி வண்டியைத் தொடக்க இயலாதவராயினர்.

இந்நிலையை மாற்றியவர் சாள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர். சாவியைத் திருப்பி வண்டியை எழுப்பும் எவரும் அவருக்குக் கடன்பட்டவரே. எனினும், யான் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தது அக்கருவியைப் புகழ்தற்காக மட்டுமன்று. ஒரு குறையைக் கண்டவிடத்து வினாவை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு பாடம். வினா குறைபட்டால் விளையும் கேட்டிற்கும் அவ்வாழ்வே சான்று.

கெற்றரிங் 1876 ஓகஸ்ட் 29ஆம் நாள் ஒகாயோ மாநிலத்திலே, லவுடன்வில் என்னும் ஊரையடுத்த பண்ணை வீடொன்றிற் பிறந்தார். இளமை தொட்டே அவர் கண்கள் வலிவற்றவை. சிறிது நேரம் நூலைப் பார்த்தாலும் தலைநோவு வருத்தும். பள்ளிப்படிப்பு முடிந்ததும் கிராமப் பாடசாலையில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அவரும் நம் தொழிலர் என்பதில் ஆசிரியராகிய எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. பின்னர் ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகம் புகுந்தார். கண்ணோய் மிகவே படிப்பை இடைநிறுத்தி, தொலைபேசிக் கம்பமும் கம்பியும் அமைக்கும் கூட்டத்தாரோடு சேர்ந்து உழைத்தார். வெளியிடத்து வேலை கண்ணுக்கு ஓய்வையும், கைக்கு மின்தொழிற் பயிற்சியையும் ஒருங்கே தந்தது. மீண்டும் சென்று, நண்பர் படிக்கத் தாம் கேட்டுக் கற்று, 1904இல் மின்பொறியியற் பட்டம் பெற்றார். படிக்க முடியாத பிள்ளை என்று ஒருவரைத் தள்ளிவிடுமுன் நாம் நினைந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

அவ்வாண்டே டேற்றன் நகரிலிருந்த காசுப் பதிவு இயந்திரத் தொழிற்சாலையில் அவர் அமர்ந்தார். கடைகளிலே விற்பனைத் தொகையைப் பதிந்து பண அறையைத் திறக்கும் அவ்வியந்திரத்தைக் கையாற் சுழற்றி இயக்குவதே அன்றைய வழக்கம். கெற்றரிங் அதற்கொரு மின்மோட்டாரைப் பொருத்தினார். நாள் முழுவதும் ஓடவேண்டிய மோட்டார் பெரிதாதல் வேண்டும். இமைப்பொழுது மட்டும் உழைத்து ஓயும் மோட்டாரோ, அளவிற் சிறிதாயினும், தன் ஆற்றலுக்கு மிஞ்சிய பளுவைத் தாங்கும். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்தது இவ்வுண்மையே.

1909இல் எட்வேர்ட் டீட்ஸ் என்பவரோடு கூடி, டெல்கோ எனச் சுருக்கி வழங்கப்பெற்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார். டீட்ஸ் வீட்டின் பின்னிருந்த களஞ்சியக் கொட்டிலே அவர்தம் ஆய்வுகூடம். கடிலக் கார் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட், கைப்பிடியை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அவர் நண்பர் பைரன் காட்டர் 1908இல் இறந்ததற்குக் கைப்பிடி உதைத்த காயமே காரணம் என்றும், அத்துயரே லீலண்டைத் தூண்டிற்றென்றும் கூறுவர். எஞ்சினைச் சுழற்ற வேண்டுமாயின் மோட்டாரும் பற்றரியும் காரையே நிரப்பும் அளவினவாதல் வேண்டும் என்பது அந்நாளைய வல்லுநர் பலரின் முடிபு. மோட்டார் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்று அவர்கள் வினாவினர். எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்று கெற்றரிங் வினாவினார். எஞ்சின் உயிர்பெறச் சில விநாடிகள் போதும். காசுப் பதிவு இயந்திரத்திற் கண்ட உண்மை இங்கும் பொருந்திற்று. 1911 பெப்ரவரியில் முதற் கருவி கடிலக் வண்டியொன்றில் அமைந்தது. 1912ஆம் ஆண்டு வகை வண்டிகள் அதனைப் பூண்டே வெளிவந்தன.

கெற்றரிங்கின் முதற் கருவி, எஞ்சினைத் தொடக்கும் மோட்டாராகவும், ஓடும்போது பற்றரிக்கு ஊட்டமளிக்கும் மின்னாக்கியாகவும் இரு தொழில் புரிந்தது. பின்னர் அவ்விரண்டும் தனித்தனியாயின. இன்று நம் வண்டிகளிலுள்ள ஸ்டார்ட்டர் மோட்டாரில், சாவியைத் திருப்பியதும் சிறு மின்னோட்டமொன்று சொலினொயிட் என்னும் மின்காந்தத்தை எழுப்பும். அது சிறு பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பற்களோடு கோக்கும். அதே வேளையில் தடித்த கம்பி வழியாகப் பெருமின்னோட்டம் மோட்டாரினுட் பாயவும் வழிதிறக்கும். எஞ்சின் எழுந்தபின் சிறு சக்கரம் விலகிக்கொள்ளும்.

இவ்வமைப்பில் நோய் கண்டால் அதனை நாடுவதும் கெற்றரிங்கின் வழியிலேயே, வினாவைச் சரிவர அமைத்தலேயாம். சென்ற மார்கழியில் ஒரு நாட்காலை, புசல்லாவையிலிருந்து கண்டிக்குச் செல்ல வாடகைக் காரொன்றில் ஏறினேன். சாவியைத் திருப்ப டக்கென்ற ஓரொலி எழுந்ததன்றி எஞ்சின் அசைந்திலது. யாரோ சொன்னதை நம்பிப் புதுப் பற்றரி வாங்கி இரு கிழமையே ஆயிற்றென்று சாரதி மனம் நொந்தார். பல நாள் உழைத்த கூலி அதிற் போயிருந்தது. இறக்கத்திற் காரை உருட்டித் தொடக்கியே அவர் அத்தனை நாளும் ஒப்பேற்றினாராம். மலைநாட்டு வீதி அந்த அளவிற்கு உதவிற்று.

அழைக்கப்பட்டு வந்த முதிய மெக்கானிக், முன்விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஒளி மிக மங்குமாயின் பற்றரி வலுவிழந்திருத்தல் வேண்டும். அல்லது அதன் முனைகளிற் களிம்பேறியிருத்தல் வேண்டும். ஒளி குன்றவில்லை. ஆகவே, பற்றரியில் மின் உண்டு; மோட்டாரிலே அது பாயவில்லை. வோல்ற்மானி பற்றரியில் 12.6 காட்டிற்று. சொலினொயிட்டைக் கடந்து மோட்டாரின் வாயில்வரை மின் வருவதையும் அக்கருவி காட்டிற்று. பின்னர் ஸ்பானரின் பிடியால் மோட்டாரின் உடலை மெல்லத் தட்ட, ஒரு முறை எஞ்சின் சுழன்று நின்றது. உள்ளே பிரஷ் என்னும் கரித்துண்டுகள் தேய்ந்து, செப்புச் சுற்றைத் தொடாது நிற்கின்றன என்று அவர் துணிந்தார். நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்க என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி இரும்புக்கும் பொருந்துவதை அன்று கண்டேன்.

மாற்றும் வேலையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுதல் வேண்டும். இன்றேல் ஸ்பானர் தடித்த கம்பியிலும் வண்டியின் உடலிலும் ஒருங்கே பட்டுத் தீப்பொறி பறக்கும். பின் மோட்டாரின் தடித்த கம்பி, மெல்லிய கம்பி, அதன்பின் ஆணிகள். கழற்றிய மோட்டாரைத் திறந்தபோது செப்புச் சுற்றும் பள்ளம் விழுந்திருந்தமையின், கரித்துண்டை மட்டும் மாற்றுதல் பயனன்று என்றார். புதியதைப் பழையதன் அருகே வைத்துப் பற்களை எண்ணி, ஆணித் துளைகளை ஒப்புநோக்கினார். உலோக உடல் வழியாகவே மின் மீளுமாதலின், பொருந்துமிடத்துத் துருவைச் சுரண்டித் துடைத்தார். எதிர்முனைக் கம்பியை இறுதியிற் பூட்டினார். சாவியைத் திருப்பிய அளவில் எஞ்சின் எழுந்தது.

இனிக் கெற்றரிங்கின் பிற்கால வாழ்வைச் சொல்லுதல் வேண்டும். டெல்கோ 1916இல் விற்கப்பட்டு, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அந்நிறுவனத்து ஆராய்ச்சிக்கு அவரே தலைவர். செப்புத் தகட்டாற் காற்றுவழி குளிரூட்டும் எஞ்சினை அவர் பெரிதும் விரும்பிச் செய்தார். அது 1923இல் தோல்வியுற்றது. அத்தோல்வி பொருளிழப்போடு ஒழிந்தது. வெற்றியெனக் கொண்டாடப்பட்ட மற்றொன்றே பெருங்கேடாயிற்று.

எஞ்சினுள் எரிபொருள் தாறுமாறாக எரிந்து முட்டொலி எழுப்புவதைத் தணிக்க, அவர் கீழ்ப் பணிபுரிந்த தோமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச் சேர்மமொன்றைக் கண்டார். அதனைப் பெற்றோலிற் சிறிதளவு கலக்க ஒலி அடங்கிற்று. அதனை விற்க 1924இல் எழுந்த நிறுவனத்தின் முதற்றலைவர் கெற்றரிங்கே. அவ்வாண்டே அச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி இறந்தனர். 1925இல் விற்பனை நின்றது. மறு ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. ஈயம் நஞ்சென்பது பண்டே அறிந்த செய்தி. மதுசாரம் கலந்தாலும் முட்டொலி தணியும் என்பதையும் அவ்வாய்வுகூடம் அறிந்திருந்தது. ஆயினும் ஒலி அடங்குமா, செலவு குறையுமா என்ற வினாக்களே முன்னின்றன. அப்புகையைச் சுவாசிக்கும் குழந்தை என்னாகும் என்ற வினா பின்தள்ளப்பட்டது. இலங்கையில் ஈயப் பெற்றோல் ஒழிந்தது 2002இல். உலக வீதிகளிலிருந்து அது முற்றாக நீங்கியது 2021இல். கம்பளையிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறிவந்த பெற்றோல் வண்டிகளின் புகையும் நெடுங்காலம் அந்நஞ்சைச் சுமந்தே வந்தது.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கென நியூயோர்க்கில் 1945இல் நிறுவப்பெற்ற கழகத்தின் பெயரிலும் கெற்றரிங்கின் பெயர் உளது. 1958 நவம்பர் 25ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவையில், டேற்றனில் அவர் உயிர்நீத்தார். கை முறியாது காத்தவரும் அவரே. காற்றில் ஈயம் கலக்கத் துணைநின்றவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. விஞ்ஞானிகளின் கதையை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், கருவி இயங்கிற்றா என்று கேட்கப் பழக்குவதோடு நில்லாது, அது இயங்கும்போது யார் அருகில் நிற்கின்றார் என்றும் கேட்கப் பழக்குதல் கடனாகும்.