பேர் போடாத கதைக்காரர்

கண்ணாடிச் செருப்பு வருகிற சின்ட்ரெல்லா கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அதை எழுதினவர் யாருன்னு நான் கேட்டதே இல்லை. நூலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. அவர் பெயர் ஷார்ல் பெரோ.

1628-ல் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார். பள்ளியில் ஆசிரியரோடு வாக்குவாதம் வந்து வெளியேறி, நண்பனோடு சேர்ந்து தானே படித்தார். (சார், நாங்க அப்படிச் செய்ய மாட்டோம்!) பிறகு வக்கீலானார். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேரிடம் சுமார் 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். மன்னரைப் புகழ்ந்து கவிதைகள் எழுதினார். 1671-ல் பிரெஞ்சு அகாதமி உறுப்பினரானார்.

ட்வீலரி அரண்மனைத் தோட்டத்தை மக்களுக்கு மூடிவிட அமைச்சர் நினைத்தார். பெரோ எடுத்துச் சொல்லி அதைத் தடுத்தார். இன்றும் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1678-ல் அவர் மனைவி இறந்தார். 1683-ல் அமைச்சரும் இறந்துபோக, அரண்மனை வேலையும் போச்சு. பெரோ பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் மனசைச் செலுத்தினார். 1697-ல், 69 வயதில், வீடுகளில் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகளைப் புத்தகமாக்கினார். மொத்தம் 8 கதைகள்தான். சின்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, பூட்ஸ் போட்ட பூனை எல்லாம் அதில் உண்டு. ஆனால் தன் பேரைப் போடாமல் மகன் பேரில் வெளியிட்டார். 1703-ல் காலமானார்.

மன்னரைப் பாடிய கவிதைகளை இன்று அதிகம் பேர் படிப்பதில்லை. பேர் போடாத கதைகள்தான் அவர் பேரைக் காப்பாத்தின. இனிமேல் ஒரு கதை கேட்டா, எழுதினவர் யாருன்னும் கேட்பேன். நீங்களும் கேளுங்க!

– 8 ஆம் வகுப்பு, 'அ' பிரிவு