பக்கவாத்தியமாகவே வாழ்ந்த பியானோ மேதை

கச்சேரி முடிந்ததும் முதல் மாலை பாடகருக்குத்தான். பக்கவாத்தியக்காரர் தம் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு இரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். மேல்நாட்டு ராக் இசை உலகிலும் இதே கதைதான் என்பதற்கு நிக்கி ஹாப்கின்ஸின் வாழ்க்கையே சாட்சி.

1944 பிப்ரவரி 24-ல் லண்டனுக்கு மேற்கே பெரிவேல் என்ற ஊரில் பிறந்தவர் இவர். மூன்று வயதிலேயே பியானோவில் விரல் வைத்தார். பள்ளி நாட்களில் உபகாரச் சம்பளம் பெற்று, லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் பயின்றார். ஆனால் மனம் ராக் இசையை நாடியது. 1960-ல், 16-ஆம் வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச் என்பவரின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கப் புறப்பட்டார்.

விதி குறுக்கிட்டது. குடலைப் பாதிக்கும் கிரோன் நோய் அவரைப் பற்றியது. 1963-ல் ஆஸ்பத்திரியில் படுத்தவர், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்தே எழுந்தார். ஊர் சுற்ற உடம்பு இடம் தரவில்லை. ஆகவே ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கலானார்.

அங்கே அவர் கற்ற சங்கீதம் கைகொடுத்தது. பாட்டைக் கேட்ட சிறிது நேரத்திலேயே அதற்கேற்ற வாசிப்பு அவர் விரல்களில் உருவாகும். 1965-ல் தி ஹூ குழுவின் முதல் இசைத்தட்டு, 1968-ல் பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன்', 1971-ல் ஜான் லென்னனின் 'இமேஜின்' இசைத்தட்டு ஆகிய எல்லாவற்றிலும் அவர் வாசிப்பு உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஷீ இஸ் எ ரெயின்போ' (1967) என்ற பாட்டை நினைத்தாலே அவருடைய பியானோதான் முதலில் காதில் ஒலிக்கும். ஆயினும் அதை இயற்றியவர்களாக அச்சானவை மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் பெயர்களே. வாசித்தவருக்குக் கிடைப்பது அன்றைய கூலி. பாட்டு இலட்சக்கணக்கில் விற்றாலும் இயற்றியவருக்குரிய பங்கு அவருக்கு வராது.

உடம்பு சற்றுத் தேறியதும் மீண்டும் மேடை ஏறினார். ஜெஃப் பெக் குழுவோடு அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவுடன் இலட்சக்கணக்கானோர் முன் வாசித்தார். 1971-ல் பிரிட்டன், 1972-ல் அமெரிக்கா, 1973-ல் ஆஸ்திரேலியா என்று ரோலிங் ஸ்டோன்ஸ் சென்ற இடமெல்லாம் அவரும் சென்றார். இரவுப் பயணமும் நேரங்கெட்ட சாப்பாடும் நோயாளிக்கு ஒத்துவருமா? போதாக்குறைக்குக் குடியும் போதைப் பொருளும் சேர்ந்துகொண்டன. அதே 1973-ல் அக்குழு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, பியானோ முன் அமர்ந்தவர் பில்லி பிரெஸ்டன். பக்கவாத்தியக்காரருக்காகக் கச்சேரி நிற்பதில்லை.

அந்த ஆண்டிலேயே தம் சொந்தப் பெயரில் 'தி டின் மேன் வாஸ் எ ட்ரீமர்' என்ற இசைத்தட்டையும் வெளியிட்டார். பெரிய விற்பனை காணவில்லை. பின்னாளில் கெட்ட பழக்கங்களை விட்டொழித்துத் தொடர்ந்து உழைத்தார். நோய் மட்டும் அவரை விடவில்லை. 1994 செப்டம்பர் 6-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட கோளாறினால் காலமானார். வயது 50.

இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் அவர் வாசித்திருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவருக்குச் சிறப்பிடம் அளித்தது 2025-ல்தான். அதாவது, மறைந்து 31 ஆண்டுகள் கழித்து!

ஆபீசில் கோப்பை எழுதுபவர் ஒருவர். கையெழுத்திட்டுப் பெயர் வாங்குபவர் இன்னொருவர். இதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பெயர் வராவிட்டாலும் வேலையில் குறை வைக்காதவர் ஹாப்கின்ஸ். ஆனால் அந்த உழைப்புக்குரிய பங்கை உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் அல்லவா?