வல்லாள மகாராஜர்

ஓசூரை அடுத்த குந்தாணியிலும் ஒருகால் அரியணை கொண்டிருந்த போசள மரபின் இறுதிப் பெருவேந்தர் மூன்றாம் வீரவல்லாளர். 1311-இல் மாலிக்காபூரின் படையெடுப்பால் துவாரசமுத்திரம் நலிந்த பின்னரும் உளந்தளராத அவர், பிற்காலத்தில் திருவண்ணாமலையில் வீற்றிருந்து ஆட்சி புரிந்தார்.

1342-இல், எண்பது வயதை ஒட்டிய முதுமையில், மதுரைச் சுல்தானியரின் வசமிருந்த கண்ணனூர்க் கொப்பம் கோட்டையை அவர் முற்றுகையிட்டார். திங்கள் பல கழிந்தன. கோட்டையினுள் பதினான்கு நாளைய உணவே எஞ்சியது. சரணடையுமுன் தம் சுல்தானைக் கலந்துகொள்ளக் காவலர் தவணை வேண்டினர், மன்னரும் இசைந்தருளினார். அவ்விடைவெளியில் சுல்தான் கியாசுத்தீன் திடுமெனத் தாக்கி அவரைச் சிறைப்பிடித்தான். விடுவிப்பதாகக் கூறிச் செல்வத்தையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்டு, பின்னர்க் கொன்றான். வைக்கோல் திணித்த அவர்தம் தோல் மதுரை மதிலில் தொங்கியதைக் கண்டதாக இபன் பதூதா எழுதிவைத்துள்ளார்.

பகைவர்க்கும் இரங்கிய அப்பெருந்தகையை இறைவன் கைவிட்டானோ? இல்லை. மகப்பேறின்றி வருந்திய அவருக்கு அண்ணாமலையாரே மைந்தரானார் என்பது தலமரபு. ஆண்டுதோறும் மாசிமகத்தன்று பெருமான் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, தந்தைக்குரிய நீர்க்கடனை ஆற்றியருளுகிறார்.

அவரை வென்ற மதுரைச் சுல்தானியம் நெடுநாள் நிலைக்கவில்லை. அருணையில் வல்லாள கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. கல்லாவி வாழ் அன்பர்கள் அருணைக்குச் செல்லுங்கால், அதன் நிழலில் ஒரு கணம் நின்று அவரை நினைந்து தொழுவார்களாக.