அலெக்ஸ் ரேமண்ட்

அலெக்ஸ் ரேமண்ட் என அறியப்படும் அலெக்சாண்டர் கில்லெஸ்பி ரேமண்ட் (அக்டோபர் 2, 1909 - செப்டம்பர் 6, 1956) ஓர் அமெரிக்க வரைகதை ஓவியர் ஆவார். விண்வெளி வீரசாகச நாயகனான பிளாஷ் கார்டனைப் படைத்தவர் இவரே. ஜங்கிள் ஜிம், சீக்ரட் ஏஜென்ட் எக்ஸ்-9, ரிப் கிர்பி ஆகிய தொடர்களையும் வரைந்துள்ளார். இவரது ஓவியப் பாணி இருபதாம் நூற்றாண்டின் வரைகதை ஓவியர் பலரிடம் செல்வாக்குச் செலுத்தியது.

இளமைக் காலம்

ரேமண்ட் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நியூ ரோசெல் நகரில் பிறந்தார். குடிசார் பொறியாளராக இருந்த தந்தை, மகனின் ஓவிய ஆர்வத்தை ஊக்குவித்தார். தம் அலுவலகச் சுவர் ஒன்றை மகன் வரைந்த படங்களால் நிரப்பியிருந்தார். ரேமண்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை காலமானார். அதன் பின் ஓவியத்தை ஒரு தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அவரிடம் குறைந்தது. விளையாட்டு வீரருக்கான உதவித்தொகை பெற்று அயோனா பள்ளியில் பயின்றார்.

1928இல் வால் ஸ்ட்ரீட் நிறுவனமொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஏற்பட்ட பங்குச்சந்தை வீழ்ச்சி அவரை மீண்டும் ஓவியத்தின் பக்கம் திருப்பியது. கிராண்ட் சென்ட்ரல் ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். முன்னாள் அண்டை வீட்டாரும் வரைகதை ஓவியருமான ரஸ் வெஸ்டோவர், ரேமண்டைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவர் வழியாகவே கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் நிறுவனத்தின் தொடர்பு கிடைத்தது. நாளிதழ்களுக்கு வரைகதைகளை விற்பனை செய்த அந்நிறுவனத்துக்காக, சிக் யங், லைமன் யங் ஆகியோரின் தொடர்களிலும் ரேமண்ட் பெயர் குறிப்பிடப்படாத உதவியாளராகப் பணிபுரிந்தார்.

பிளாஷ் கார்டன்

1930களின் தொடக்கத்தில் பக் ரோஜர்ஸ் என்னும் விண்வெளி வரைகதை பெரும் வரவேற்புப் பெற்றிருந்தது. அதற்குப் போட்டியாக ஒரு தொடரை உருவாக்கக் கிங் ஃபீச்சர்ஸ் விரும்பியது. அப்பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. பிளாஷ் கார்டன் 1934 ஜனவரி 7 அன்று ஞாயிறு இதழ்களில் வண்ணத்தில் தொடங்கியது. அதே பக்கத்தின் மேற்பகுதியில் ஜங்கிள் ஜிம் தொடரும் வெளிவந்தது. அம்மாதம் 22ஆம் நாள், துப்பறியும் கதை எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் எழுதிய சீக்ரட் ஏஜென்ட் எக்ஸ்-9 நாள்தொடரும் ரேமண்டின் ஓவியங்களுடன் தொடங்கியது. ஒரே நேரத்தில் மூன்று தொடர்களை வரைவது கடினமாக இருந்ததால், 1935இல் எக்ஸ்-9 தொடரிலிருந்து விலகினார்.

பூமியை நோக்கி ஒரு கோள் விரைந்து வருவதுடன் பிளாஷ் கார்டனின் கதை தொடங்குகிறது. அறிவியலாளர் சார்க்கோவின் ஏவூர்தியில் பிளாஷும் டேல் ஆர்டனும் மோங்கோ என்னும் அக்கோளை அடைகின்றனர். அதன் கொடுங்கோலன் மிங்கை எதிர்த்துப் போரிடுகின்றனர். தொடரின் பெரும்பகுதிக்குக் கதை எழுதியவர் டான் மூர். ஆயினும் அவரது பெயர் வெளியிடப்படவில்லை. ஆசியர்களைக் கொடியவர்களாகச் சித்தரித்த அக்காலத்து இனவெறுப்பின் சாயல் மிங்கின் தோற்றத்தில் காணப்படுவதாகப் பிற்காலத் திறனாய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

ரேமண்ட் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்து வரைந்தார். பத்திரிகைக் கதைகளுக்கு வரையப்படும் ஓவியங்களின் நுட்பத்தை வரைகதைக்குக் கொண்டுவந்தார். 1936இல் யுனிவர்சல் நிறுவனம் இக்கதையைப் பஸ்டர் கிராப் நடித்த 13 பகுதித் தொடர்படமாக வெளியிட்டது. 1938இலும் 1940இலும் மேலும் இரு தொடர்படங்கள் வந்தன.

போரும் உரிமை இழப்பும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் ரேமண்ட் தம் தொடர்களை விட்டு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். பசிபிக் போர்முனையில் கில்பர்ட் ஐலண்ட்ஸ் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். பிளாஷ் கார்டனின் ஞாயிறு பக்கத்தை ஆஸ்டின் பிரிக்ஸ் வரையத் தொடங்கினார்.

போர் முடிந்து மேஜர் நிலையில் திரும்பிய ரேமண்ட், மீண்டும் பிளாஷ் கார்டனை வரைய விரும்பினார். ஆனால் நிறுவனம் பிரிக்ஸுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. அக்கால வழக்கப்படி தொடரின் உரிமை முழுவதும் நிறுவனத்திடமே இருந்தது. ஆகவே தாம் படைத்த நாயகனிடம் ரேமண்டால் திரும்ப இயலவில்லை.

ரிப் கிர்பி

பிளாஷ் கார்டனுக்கு ஈடாக ஒரு புதிய தொடரைத் தொடங்க நிறுவனம் ரேமண்டுக்கு வாய்ப்பளித்தது. 1946 மார்ச் 4 அன்று தொடங்கிய ரிப் கிர்பி, போரிலிருந்து திரும்பிய ஒரு துப்பறிவாளரின் கதையாகும். மூக்குக்கண்ணாடி அணிந்து, புகைக்குழாயுடன் காணப்படும் இந்நாயகன் உடல் வலிமையை விட அறிவையே மிகுதியாக நம்பினார். இத்தொடருக்காக 1949ஆம் ஆண்டின் ரூபன் விருது ரேமண்டுக்குக் கிடைத்தது. அமெரிக்கத் தேசிய வரைகதை ஓவியர் சங்கத்தின் தலைவராகவும் இவர் பணியாற்றினார்.

மறைவு

1956 செப்டம்பர் 6 அன்று கனெடிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில், சக ஓவியர் ஸ்டான் டிரேக்கின் காரை ஓட்டிச் சென்றபோது நிகழ்ந்த விபத்தில் ரேமண்ட் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 46. உடன் சென்ற டிரேக் காயங்களுடன் உயிர் தப்பினார். ரிப் கிர்பி தொடரை ஜான் பிரென்டிஸ் ஏற்று 1999 வரை வரைந்தார்.

தாக்கம்

சிறுவயதில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பிளாஷ் கார்டன் தொடர்படத்தைக் கண்டு ஈர்க்கப்பட்ட ஆல் வில்லியம்சன், ரேமண்டின் பாணியைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர். 1966இல் பிளாஷ் கார்டன் வரைகதை இதழ்களுக்கு வரைந்தார். எக்ஸ்-9 தொடரை 1967 முதல் காரிகன் என்னும் பெயரில் வரைந்தார். 1988இல் டிசி நிறுவனத்துக்காக டான் ஜர்கன்ஸ் 9 இதழ்கள் கொண்ட பிளாஷ் கார்டன் குறுந்தொடரை உருவாக்கினார். 1995இல் மார்வெல் வெளியிட்ட இரண்டு இதழ் குறுந்தொடருக்கு மார்க் ஷுல்ட்ஸ் கதை எழுத, வில்லியம்சன் ஓவியம் வரைந்தார்.

இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பிளாஷ் கார்டனைத் திரைப்படமாக்க முயன்றார். உரிமை கிடைக்காததால் சொந்தமாக ஒரு விண்வெளிக் கதையை உருவாக்கினார். அதுவே 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் ஆகும். நாளிதழ்களில் 2003இல் நின்றுபோன பிளாஷ் கார்டன் தொடரை 2023இல் டான் ஷ்கேட் மீண்டும் தொடங்கினார்.

ரிப் கிர்பி, காரிகன் ஆகியோரின் கதைகள் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமாயின.