ராட் செர்லிங்

ராட் செர்லிங் (டிசம்பர் 25, 1924 - ஜூன் 28, 1975) அமெரிக்கத் தொலைக்காட்சி நாடக எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஆவார். இவரது முழுப்பெயர் ரோட்மன் எட்வர்ட் செர்லிங். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1959 முதல் 1964 வரை ஒளிபரப்பான 'தி டுவைலைட் சோன்' என்னும் விந்தைக் கதைத் தொடரை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். எழுத்துக்காக ஆறு எம்மி விருதுகளைப் பெற்றுள்ளார்.

1955 சனவரியில் ஒரே இரவில் புகழ் பெற்றவர் என்றே செர்லிங்கைப் பற்றிய அறிமுகங்கள் பலவும் கூறுகின்றன. ஆனால் அன்றிரவு ஒளிபரப்பானது அவர் எழுதிய 72 ஆவது தொலைக்காட்சி நாடகம். அதற்கு முந்திய ஐந்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி பதிவின்றி மறைந்துவிட்டதால், அவரது தொடக்ககாலப் படைப்புகளின் பட்டியலை ரசிகர்களும் ஆய்வாளர்களும் சிறுகச் சிறுகவே மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இளமையும் போரும்

நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த செர்லிங், அதே மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் வளர்ந்தார். இவருடைய அண்ணன் ராபர்ட் செர்லிங் பின்னாளில் விமானப் போக்குவரத்தைப் பற்றிய நூல்களால் பெயர் பெற்றார். 1943 இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த செர்லிங் உடனே படையில் சேர்ந்தார். 11 ஆவது வான்வழிப் படைப்பிரிவின் 511 ஆவது பாராசூட் காலாட்படையில் இடம்பெற்றுப் பிலிப்பைன்சில் லெய்ட்டே தீவிலும் மணிலாவிலும் போரிட்டார். மணிக்கட்டிலும் முழங்காலிலும் காயமுற்றார். வானிலிருந்து வீசப்பட்ட உணவுப் பெட்டி ஒன்று தலைமேல் விழுந்து தன் நண்பன் இறந்ததை நேரில் கண்டார். எதிரியின் குண்டுக்குத் தப்பியவனை உணவுப் பெட்டி கொன்ற அந்த நிகழ்ச்சி, அர்த்தமற்ற மரணம் என்னும் பொருளை அவரது எழுத்தில் நிலைக்கச் செய்தது என்பர். 1945 இல் தந்தை மாரடைப்பால் இறந்தபோது இறுதிச் சடங்கிற்கு வர அவரால் இயலவில்லை.

போருக்குப் பின், படைவீரர்களுக்கான அரசு உதவியுடன் ஒகையோ மாநிலத்தின் அந்தியோக் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் உடற்கல்வி பயின்று பின்னர் இலக்கியத்திற்கு மாறினார். கல்லூரி வானொலிக்கு நாடகங்கள் எழுதி, இயக்கி, நடித்தார். செலவுக்காகப் பாராசூட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் ஆபத்தான வேலையையும் செய்ததுண்டு. 1948 இல் உடன் பயின்ற கரோல் கிராமரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள்.

முதல் விற்பனைகள்

1949 இல் 'டாக்டர் கிறிஸ்டியன்' என்ற வானொலித் தொடர் நடத்திய நாடகப் போட்டியில் செர்லிங் 500 டாலர் பரிசு பெற்றார். இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் குத்துச்சண்டை வீரனைப் பற்றியது அந்நாடகம். படையில் இருந்தபோது செர்லிங்கே குத்துச்சண்டை ஆடியவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு அப்போட்டியில் பரிசு பெற்ற மற்றொருவர் ஏர்ல் ஹாம்னர். பிற்காலத்தில் 'தி டுவைலைட் சோன்' தொடருக்குச் சில கதைகளை எழுதியவரும் இவரே.

1950 இல் 'ஸ்டார்ஸ் ஓவர் ஹாலிவுட்' என்னும் தொடருக்கு 100 டாலருக்கு விற்ற 'கிரேடி எவரெட் ஃபார் தி பீப்பிள்' இவரது முதல் தொலைக்காட்சி விற்பனை ஆகும். அவ்வாண்டு பட்டம் பெற்றதும் சின்சினாட்டி நகரின் டபிள்யூ.எல்.டபிள்யூ நிலையத்தில் எழுத்தாளராகச் சேர்ந்தார். விளம்பர வாசகங்களும் சிற்றூர்களின் பெருமை பேசும் நிகழ்ச்சிகளும் எழுதுவதே அங்கு வேலை. பகலில் அதைச் செய்துவிட்டு இரவில் வீட்டில் நாடகங்கள் எழுதினார். அவற்றை அதே நகரின் மற்றொரு நிலையமான டபிள்யூ.கே.ஆர்.சி வாங்கி, 1951 இல் தொடங்கிய 'தி ஸ்டார்ம்' என்னும் வாராந்தர நிகழ்ச்சியில் நேரடியாக ஒளிபரப்பியது. பின்னர் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். நியூயார்க்கில் இருந்த முகவர் பிளான்ச் கெயின்சு இவரது நாடகங்களைத் தேசிய நிகழ்ச்சிகளுக்கு விற்றுத் தந்தார்.

பட்டியல் சிக்கலானது ஏன்?

அக்காலத் தொலைக்காட்சி நாடகம் பெரும்பாலும் மேடை நாடகத்தைப் போன்றது. நடிகர்கள் கேமராவின் முன் நடிக்கும் அதே நொடியில் அது வீடுகளில் தெரியும், முடிந்ததும் மறைந்துவிடும். காணொளி நாடா 1956 இறுதியில் தான் ஒளிபரப்பிற்கு வந்தது. அதற்கு முன் இருந்த ஒரே வழி கினஸ்கோப். அதாவது, தொலைக்காட்சித் திரையின் எதிரே படப்பிடிப்புக் கருவியை வைத்துப் படச்சுருளில் பிடிப்பது. தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அனுப்புவதற்காகவே அவை எடுக்கப்பட்டன. பயன் முடிந்ததும் பெரும்பாலானவை எறியப்பட்டன. 'தி ஸ்டார்ம்' போன்ற உள்ளூர் நிகழ்ச்சியை வேறெங்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பதால் அதைப் பிடித்து வைக்கும் தேவையும் எழவில்லை.

எனவே நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரல்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொடரின் பெயர் மட்டுமே கிடைக்கும். எழுதியவர் யார் என்பது இராது. நாடகப் பிரதி கிடைத்தாலும் ஐயம் தீர்ந்துவிடுவதில்லை. சின்சினாட்டிக்கு விற்ற நாடகத்தைத் திருத்தி வேறு தலைப்பில் தேசிய நிகழ்ச்சி ஒன்றுக்கு விற்பது செர்லிங்கின் வழக்கம். வானொலியில் வந்த கதை தொலைக்காட்சியிலும் வரும். ஆகவே பட்டியலில் இரண்டு எனத் தோன்றுவது ஒன்றாக இருக்கலாம். தலைப்பை மட்டும் கொண்டு எண்ணுவோர் ஏமாறுவர்.

'பேட்டர்ன்ஸ்' நாடகத்தின் வெற்றி இச்சிக்கலை இன்னும் கூட்டியது. பெரிய நிறுவனம் ஒன்றில் முதிய அலுவலரை வெளியேற்றுவதற்காகவே அழைத்து வரப்படும் இளைஞனைப் பற்றிய இந்நாடகம் சனவரி 12, 1955 அன்று 'கிராஃப்ட் தொலைக்காட்சி அரங்கு' நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. பதிவு செய்து மறு ஒளிபரப்புச் செய்யும் வழக்கம் இல்லாத நிலையில், பார்வையாளர் வேண்டுகோளுக்காக நான்கு வாரங்களுக்குப் பின் நடிகர்கள் மீண்டும் கூடி அதை நேரடியாக நடித்தனர். செர்லிங் முதல் எம்மி விருதைப் பெற்றார். முன்பு அவரைத் திருப்பி அனுப்பியவர்கள் இப்போது எதை எழுதியிருந்தாலும் வாங்கத் தயாராயினர். அவரும் பெட்டியில் கிடந்த பழைய பிரதிகளை விற்றார். 'பேட்டர்ன்ஸ்' அளவுக்கு இல்லையே என்று விமர்சகர்கள் குறை கூறினர். அவர்கள் பார்த்தது செர்லிங்கின் வீழ்ச்சியை அன்று, அவரது பயிற்சிக் காலத்தை. ஒளிபரப்பான தேதியை வைத்து அவரது வளர்ச்சியை அளக்க முற்படும் எந்தப் பட்டியலும் இவ்வாண்டில் தடுமாறும்.

அவ்வாண்டு 'மேட்டினி தியேட்டர்' நிகழ்ச்சியில் வந்த 'ஓ'டூல் ஃப்ரம் மாஸ்கோ' மற்றோர் எடுத்துக்காட்டு. சோவியத் தூதரக ஊழியர் ஒருவர் சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணியுடன் சேர்ந்துகொள்ளும் நகைச்சுவை இது. பொதுவுடைமை அச்சம் மிகுந்த அந்நாட்களில், சிவப்பர் எனப் பொருள்படும் தன் பெயரையே அவ்வணி மாற்றி வைத்திருந்தது. இந்த ஒளிபரப்பின் பதிவு எஞ்சவில்லை. பிரதி மட்டுமே உள்ளது.

பெயரும் படைப்பும்

'ரெக்யூயம் ஃபார் எ ஹெவிவெயிட்' (அக்டோபர் 11, 1956) செர்லிங்கின் தலைசிறந்த நாடகம் எனப் பலராலும் கருதப்படுகிறது. 'பிளேஹவுஸ் 90' நிகழ்ச்சியில் வந்த இதுவும் குத்துச்சண்டை வீரனின் கதையே. 1949 ஆம் ஆண்டு வானொலிப் போட்டிக் கதையை அறிந்தவர்களுக்கு, இந்த வீரனைச் செர்லிங் எவ்வளவு காலம் மனதில் சுமந்தார் என்பது விளங்கும்.

இவரது பெயர் இடம்பெற்ற எல்லாமே இவர் எழுத விரும்பியவை அல்ல. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர்களால் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாயினர். இதன் தாக்கத்தில் எழுதிய 'நூன் ஆன் டூம்ஸ்டே' 1956 ஏப்ரலில் ஒளிபரப்பானபோது, தென் மாநிலங்களின் எதிர்ப்பை அஞ்சிய விளம்பரதாரர் தரப்பு கதைக்களத்தை நியூ இங்கிலாந்துக்கு மாற்றியது. கொல்லப்பட்டவர் எவரோ ஒரு வெளிநாட்டவர் ஆனார். தெற்கை நினைவூட்டும் என்று கோக்க-கோலா புட்டிகள் கூட அகற்றப்பட்டன. 1958 இல் அதே பொருளை மீண்டும் கையாண்ட 'எ டவுன் ஹாஸ் டர்ன்ட் டு டஸ்ட்' நாடகத்திலும் காலமும் இடமும் மாற்றப்பட்டன. விந்தைக் கதைகளின் பக்கம் செர்லிங் திரும்பியதற்கு இத்தணிக்கை முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. செவ்வாய்க் கோளில் நடப்பதாகச் சொன்னால் விளம்பரதாரர் கவலைப்படுவதில்லை.

நவம்பர் 1958 இல் ஒளிபரப்பான 'தி டைம் எலிமென்ட்', பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு முந்திய நாளுக்குக் கனவில் திரும்பிச் செல்பவனின் கதை. இதற்குக் கிடைத்த வரவேற்பே புதிய தொடருக்கு வழி திறந்தது. இக்கதையின் வேர் அவரது சின்சினாட்டிக் காலத்திலேயே உள்ளது. 'தி டுவைலைட் சோன்' அக்டோபர் 2, 1959 அன்று தொடங்கியது. மொத்தம் 156 பகுதிகளில் 92 ஐச் செர்லிங்கே எழுதினார். அவற்றுள் பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் நிகழும் கதையும் ஒன்று.

பிற்காலம்

'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968) திரைப்படத்திற்கு மைக்கேல் வில்சனுடன் இணைந்து திரைக்கதை எழுதினார். 1970 முதல் 1973 வரை 'நைட் கேலரி' தொடரை வழங்கினார். இத்தாகா கல்லூரியில் எழுத்துக்கலை கற்பித்தார். புகைப் பழக்கம் மிகுந்தவராக இருந்த செர்லிங், இதய அறுவை மருத்துவத்திற்குப் பின் தமது 50 ஆவது அகவையில் ராச்செஸ்டர் நகரில் காலமானார். இன்டர்லேக்கன் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆவணங்களும் மீட்பும்

இவரது பிரதிகளும் கடிதங்களும் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம், இத்தாகா கல்லூரி, லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு நாடகத்தின் முதல் வரைவையும் ஒளிபரப்பான வடிவத்தையும் ஒப்பிட விரும்புபவர் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல நேரிடலாம்.

ரசிகராகத் தொடங்கிய மார்க் ஸ்காட் சிக்ரீ 1982 இல் வெளியிட்ட 'தி டுவைலைட் சோன் கம்பானியன்' இத்தேடலுக்கு அடித்தளமிட்டது. 1986 இல் பிங்காம்டனில் ராட் செர்லிங் நினைவு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதன் நிர்வாகத்தில் பங்குகொண்ட நிக்கலஸ் பாரிசி 2018 இல் வெளியிட்ட நூல், ஒளிபரப்பாகாதவற்றையும் சேர்த்துச் செர்லிங்கின் படைப்புகளை விரிவாகத் தொகுத்தது.

போர் முடிந்து கல்லூரியில் பயின்றபோது செர்லிங் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஸ்குவாட், ஃபர்ஸ்ட் பிளட்டூன்' என்ற சிறுகதை 2024 இல் 'தி ஸ்ட்ராண்ட்' இதழில் முதன்முறையாக அச்சேறியது. லெய்ட்டே தீவில் இறந்த படைவீரர்களைப் பற்றிய அக்கதையை, அப்போது இன்னும் பிறந்திராத தம் குழந்தைகளுக்கு அவர் காணிக்கையாக்கியிருந்தார்.