20 தொகுதிகள், 28 வருஷ உழைப்பு: யார் இந்த பெரியசாமித் தூரன்?

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் போனை எடுத்துத் தேடிவிடுகிறோம். 1947-ல் அப்படி ஒரு வசதி கிடையாது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்காவது பிரிட்டானிகா இருந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அணு, மலேரியா, ரஷ்யா என எதைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தாலும், நவீன அறிவியல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சொல்லும் ஒரு நூல் தமிழில் இல்லை. 1910-ல் வந்த அபிதான சிந்தாமணி பெரிய சாதனைதான். ஆனால் அதன் பலம் புராணமும் இலக்கியமும்.

அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை வந்து சேர்ந்தது, கொங்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம். அவர்தான் பெ. தூரன்.

எந்த ஊர்க்காரர்?

1908 செப்டம்பர் 26-ல் மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசு கிராமத்தில் பிறந்தார். இன்று அது ஈரோடு மாவட்டம். அன்று ஈரோடு, திருப்பூர், மங்கலம் எல்லாமே கோவை ஜில்லாதான்.

சென்னையில் கல்லூரியில் படித்தது கணிதம். படிக்கும்போதே நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி வந்தது. மனசு நொந்துபோன தூரன், பி.ஏ. இறுதித் தேர்வை எழுதவே இல்லை. டிகிரிக்கு அத்தனை மதிப்பு இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும்.

பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி ஆசிரியர் ஆனார். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வேலை. அதை நிறுவியவர் திருப்பூரைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம். இந்தப் பழக்கம்தான் பின்னால் தூரனின் வாழ்க்கையையே மாற்றியது.

என்னவெல்லாம் படித்தார்?

ஒரு துறைக்குள் அடங்காத வாசகர் தூரன். கணக்கு படித்தவருக்கு ரொம்பப் பிடித்த துறை உளவியல். அதைத் தமிழில் சொல்ல 'மனமும் அதன் விளக்கமும்', 'அடிமனம்', 'குழந்தை உள்ளம்' என்று வரிசையாகப் புத்தகம் எழுதினார். மரபுவழி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க 'பாரம்பரியம்' எழுதினார். ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையை 'கானகத்தின் குரல்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். கிராமத்து நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி 'காற்றில் வந்த கவிதை' என்று தொகுத்தார்.

பாரதி மேல் தனிப் பற்று. சுதேசமித்திரன் பழைய இதழ்களைப் புரட்டி, புத்தகமாகாமல் கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்தார். ஜெராக்ஸ் இல்லாத காலம். எல்லாம் கையால் பார்த்து எழுதியதுதான். அது 1953-ல் 'பாரதி தமிழ்' என்ற நூலாக வந்தது. எது எப்போது வெளிவந்தது என்று கால வரிசையில் அடுக்கியதால், பாரதி ஆய்வாளர்களுக்கு இன்றும் அது முக்கியமான புத்தகம்.

கலைக்களஞ்சியம் எப்படி உருவானது?

அவினாசிலிங்கம் 1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். அதே ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவர முடிவானபோது, முதன்மை ஆசிரியர் பொறுப்புக்குத் தூரனை அழைத்தார்கள். 1948-ல் அந்தப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயசு 40.

வேலை சுலபம் இல்லை. முதலில் எந்தெந்தத் தலைப்புகள் வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேட வேண்டும். விஞ்ஞானிகளும் டாக்டர்களும் இங்கிலீஷில் படித்தவர்கள். பலருக்குத் தங்கள் துறையைத் தமிழில் எழுதிப் பழக்கமே இல்லை. பல கலைச்சொற்களுக்குத் தமிழில் நிலையான வார்த்தை கிடையாது. ஒருவர் பயன்படுத்திய சொல்லையே இன்னொருவரும் பயன்படுத்தினால்தான் வாசகருக்குக் குழப்பம் வராது. இதையெல்லாம் சரிபார்த்து, ஒரே நடைக்குக் கொண்டுவருவது தூரன் குழுவின் வேலை. உளவியலும் கணக்கும் நாட்டுப்பாட்டும் படித்த ஒருவரால்தான் இப்படி எல்லா மேசைக்கும் போய் உட்கார முடியும்.

முதல் தொகுதி 1954-ல் வெளிவந்தது. பத்தாவது தொகுதி 1968-ல். அதே ஆண்டு அவருக்கு பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

அப்போது தூரனுக்கு 60 வயசு. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார்: சின்னப் பிள்ளைகளுக்காகப் படங்களோடு குழந்தைகள் கலைக்களஞ்சியம். அதுவும் 10 தொகுதிகள். 1976-ல் முடிந்தபோது வயசு 68.

இதற்குக் கொடுத்த விலை என்ன?

கதை, கவிதை, நாடகம் என்று எல்லாம் எழுதக்கூடியவர் தூரன். கர்நாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்படும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளும் அவருடையவை. ஆனால் ஓர் எழுத்தாளனுக்குக் கை நன்றாகப் பழகிவரும் 40 முதல் 68 வரையிலான வருஷங்களில், பகல் நேரம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதில் போனது. திருத்துகிறவர் பெயர் வாசகர் கண்ணில் படாது. கச்சேரி கேட்பவர்களுக்குத் தூரன் என்றால் பாட்டுக்காரர். கலைக்களஞ்சியத்தை உருவாக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது.

தூரன் 1987 ஜனவரி 20-ல் காலமானார். கலைக்களஞ்சியத் தொகுதிகள் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இருக்கும் அறிவியல் தகவல்கள் பல இன்று பழசுதான். ஆனால் மங்கலத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழ் மீடியத்தில் இயற்பியல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் இன்று இல்லை. அந்தச் சந்தேகம் பெரிதாக இருந்த காலத்தில், முடியும் என்று 20 தொகுதிகளில் செய்து காட்டியவர்களில் முன்னால் நின்றவர் தூரன்.