பரங்கி என்ற வசைச்சொல்



ஞாயிறு திருப்பலிக்கு வராததைப் பாவமாக எண்ணும் நாம், கோபத்தில் பிறரை வாய்க்கு வந்தபடி ஏசியதை அப்படி எண்ணுவதில்லை. ஆண்டவரோ மலைப்பொழிவில் (மத் 5:21-24) கொலையைப் பற்றிய கட்டளையோடு சினத்தையும் வசைச்சொல்லையும் சேர்த்தே பேசுகிறார். நம்மீது மனத்தாங்கல் உள்ள சகோதரர் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவரிடம் போகச் சொல்கிறார். நம் மயிலையில் உயிர்நீத்த ஒரு குருவின் வாழ்வை இந்தப் பகுதியோடு சேர்த்துப் பார்க்கலாம்.

தத்துவ போதகர் என்று நாம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி 1577இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். இயேசு சபைக் குருவாக 1605இல் இந்தியா வந்து, 1606இல் மதுரையை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய குரு ஏற்கெனவே பணியாற்றி வந்தார். அவரும் இயேசு சபையினர், முன்னாள் போர்வீரர், நொபிலியைவிட வயதில் மிகவும் மூத்தவர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்த பரதவ கிறிஸ்தவர்களை அவர் கவனித்துக்கொண்டார். ஆனால் பல ஆண்டுகள் உழைத்தும் மதுரை மக்களிடையே அவரால் மறையைப் பரப்ப இயலவில்லை.

காரணம் ஒரு சொல் என்பதை நொபிலி விரைவிலேயே கண்டுகொண்டார். பரங்கி! இன்று பரங்கிமலை இரயில் நிலையத்தில் இறங்கும் நமக்கு அது வெறும் ஊர்ப்பெயர். அன்று மதுரையில் அது வசை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தொடத்தகாதவர் என்ற இகழ்ச்சி எல்லாம் அதில் அடங்கியிருந்தது. கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்றே மக்கள் எண்ணினர்.

நொபிலி காவி உடுத்தினார், புலால் தவிர்த்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தனி வீட்டில் துறவியாக வாழ்ந்தார். தாம் பரங்கி அல்ல, உரோமையின் உயர்குடியில் பிறந்தவர் என்று 1611இல் ஓலையில் எழுதி வெளியிட்டார்.

இவ்விடத்தில் நான் சற்றுத் தயங்குகிறேன். அவருடைய நோக்கம் உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் தாம் பரங்கி அல்ல என்று ஒருவர் விலகியபோது, அந்த வசை மறைந்துவிடவில்லை. அதே ஊரில் இருந்த பெர்னாண்டஸ் மீதும், அவரிடம் வந்த பரதவ மக்கள் மீதும் அது அப்படியே தங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இருந்த சாதி இகழ்ச்சியை நொபிலி கேள்வி கேட்கவில்லை. ஒரே சபையின் இரு குருக்கள், ஒரே ஊர், ஆனால் ஒன்றாய் அமர்ந்து உண்ண முடியாத நிலை. முதியவரின் நெஞ்சு புண்பட்டிருக்காதா?

பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ஆயருக்குப் போகும் மனுக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோபம் எப்போதும் கூச்சலாக வருவதில்லை. நல்ல கையெழுத்தில், மரியாதையான நடையிலும் வரும். நொபிலி மறையை விட்டு விலகிவிட்டார் என்ற வதந்தி உரோமை வரை போயிற்று. அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மின்கூட அதைக் கேட்டு மனம் நொந்து கடிந்து எழுதினார். விளக்கம் கிடைத்தபின் அவர் மனம் மாறியது. 1619இல் கோவாவில் கூடிய அவையில் பேராயரே நொபிலியை எதிர்த்தார். 1623இல்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைகளுக்கு இசைவு தந்தார். புகாருக்கும் தீர்ப்புக்கும் இடையே 13 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் அவர் சபையை விட்டுப் போகவில்லை, பணியையும் கைவிடவில்லை. விளக்கங்களை எழுதியனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வெளியிலிருந்து மறையின்மேல் வந்த பழிச்சொற்களுக்கோ 'தூஷண திக்காரம்' என்ற தமிழ் நூலால் பதில் தந்தார். 1640இல் மதுரையில் சிறைவாசமும் அவருக்கு நேர்ந்தது.

முதுமையில் சபை அவரை மயிலைக்கு அனுப்பியது. அன்று சாந்தோம் போர்த்துக்கீசியரின் நகரம். எந்தப் பெயரிலிருந்து விலகி நிற்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டாரோ, அந்தப் பரங்கியரின் ஊருக்கே வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே ஒரு மண்குடிசையில், கண்பார்வை ஏறக்குறைய இழந்த நிலையில், துறவிக்குரிய எளிய உணவோடு வாழ்ந்தார். 1656 ஜனவரி 16ஆம் நாள், தமது 78ஆம் வயதில், மயிலையிலேயே இறைவனடி சேர்ந்தார்.